மழைக்கு ஒதுங்கிய திண்ணை

நடுவர் அவர்களுக்கும் அவையோர்க்கும் வணக்கம். எனக்குத் தரப்பட்டிருப்பது பத்து நிமிடமே என்பதால் வணக்கத்தை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியலை முதன்மைப் பாடமாக எடுத்துப் படிப்பது வாழ்வுக்குப் பயன் தருமா, வெறும் பட்டம் மட்டும்தான் தருமா என்பது இன்றைய வழக்கு. பயன் தரும் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் இருபது கருத்துகளைச் சொன்னார்; அவற்றில் பத்தொன்பதை நீங்கள் இந்நேரம் மறந்திருப்பீர்கள், நானும் மறந்துவிட்டேன். மறக்க முடியாதது ஒன்றுதான். "வேறு எந்தத் துறையிலும் இடம் கிடைக்காதவர்கள் மழைக்கு ஒதுங்குகிற திண்ணைக்குப் பெயர்தான் அரசியல் அறிவியல் துறை" என்றார். அவை கைதட்டியது. எங்கள் அணித்தலைவரும் தம்மை மறந்து கைதட்டியதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஆகவே பாடத்திட்டத்தின் பெருமை, வேலைவாய்ப்பு ஆகியவற்றையெல்லாம் என் அணியினரிடம் ஒப்படைத்துவிட்டு, நான் அந்தத் திண்ணையில் போய் உட்காரப் போகிறேன்.

நண்பர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. அப்படி ஒதுங்கிய ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும், நேரில் அல்ல, படித்து. அவர் பெயர் எலினார் ஆஸ்ட்ரம். 1933இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பிறந்தவர். பள்ளியில் சொற்போர் அணியில் இருந்தவர் என்பதால் அவரை நம் இனத்தவர் என்றே கொள்ளலாம். அந்தப் பள்ளியில் முக்கோணவியல் படிக்க அவருக்கு வழிவிடவில்லை. பெண்பிள்ளைக்கு முக்கோணம் எதற்கு என்பது அந்தக் காலத்துக் கணக்கு. இளநிலையில் அரசியல் அறிவியலைப் படித்துவிட்டு வேலை தேடிப் போனவரிடம், சுருக்கெழுத்து தெரியுமா, தட்டச்சு தெரியுமா என்று கேட்டார்கள். சில ஆண்டுகள் கழித்து, பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற வேண்டும் என்ற ஆசையோடு பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். கணிதம் போதாது என்று சொல்லிப் பொருளாதாரத் துறை கதவைச் சாத்தியது. முக்கோணவியலைப் படிக்க விடாதவர்கள் ஒரு பக்கம். முக்கோணவியல் படிக்காதவருக்கு இடமில்லை என்றவர்கள் மறு பக்கம். இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவே அவருக்குக் கிடைத்த மூன்றாவது பக்கம்தான் நம் திண்ணை. அங்கே உட்கார்ந்து 1965இல் அரசியல் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றார்.

ஆய்வுக்கு அவர் எடுத்துக்கொண்டது நிலத்தடி நீர். தம் நகரத்தின் கடலோரத்தில் ஆளுக்கொரு கிணறு வெட்டி, ஆளுக்கு முந்தி நீரை இறைத்ததில், வெற்றிடமான நிலத்தடிக்குள் கடல்நீர் புகுந்துகொண்டிருந்தது. நண்பரைக் கேட்டால், இது பொறியாளர் வேலை என்பார். பம்புசெட்டை நிறுத்துவது பொறியாளருக்குத் தெரியும். முதலில் யாருடைய பம்புசெட்டை நிறுத்துவது என்பது யாருக்குத் தெரியும்? அந்த ஒரு கேள்விக்குள்தான் அரசியல் அறிவியல் முழுவதும் அடங்கியிருக்கிறது. அங்கே நீரை எடுத்தவர்கள் தாங்களே சங்கம் அமைத்து, நீதிமன்றத்தின் துணையோடு பங்கு பிரித்து, கடலோரமாக நன்னீரைப் பூமிக்குள் செலுத்தி உப்புநீருக்கு அணை கட்டிய கதையை ஆஸ்ட்ரம் எழுதினார்.

1968இல் காரெட் ஹார்டின் என்ற உயிரியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். ஊருக்குப் பொதுவான மேய்ச்சல் நிலத்தில் ஆளுக்கு ஒரு மாட்டைக் கூடுதலாக ஓட்டிவிடுவதே அவரவர்க்கு லாபம், அதனால் பொதுநிலம் அழிந்தே தீரும் என்பது அதன் சாரம். உலகமே தலையாட்டியது. ஆஸ்ட்ரம் தலையாட்டாமல், மாடுகள் உண்மையில் என்னதான் செய்கின்றன என்று பார்க்கக் கிளம்பினார். சுவிட்சர்லாந்தின் டொர்பெல் என்ற மலைக்கிராமத்தில், குளிர்காலத்தில் ஒருவரால் எத்தனை பசுக்களுக்குத் தீனி போட முடியுமோ அத்தனை பசுக்களைத்தான் கோடையில் பொதுமேய்ச்சலுக்கு அனுப்பலாம் என்று 1517இலேயே விதி எழுதி வைத்திருந்தார்கள். அதிகாரி இல்லை, முதலாளி இல்லை. மாட்டுக்காரர்கள் தாமே எழுதிய சட்டம். ஸ்பெயினின் வாய்க்கால்கள், ஜப்பானியக் கிராமங்களின் பொதுக்காடுகள் என்று தேடித் தேடிச் சேர்த்து 1990இல் நூலாக்கினார். பொதுச்சொத்தை மக்கள் தாமே காக்க முடியும், எந்தெந்த நிலையில் முடியும் என்று அதில் எட்டு நெறிகளை வகுத்தார்.

2009ஆம் ஆண்டு வந்தது. நோபல் நினைவாகப் பொருளாதாரத்துக்குத் தரப்படும் பரிசு, அது 1969இல் தொடங்கிய நாள்முதல் நாற்பது ஆண்டுகளாக ஒரு பெண்ணைக்கூட எட்டிப் பார்த்ததில்லை. முதன்முதலாக எட்டிப் பார்த்தது. யாரை? பொருளாதாரத் துறை இடமில்லை என்று திருப்பி அனுப்பிய, திண்ணையில் ஒதுங்கிய, முக்கோணவியல் படிக்காத எலினார் ஆஸ்ட்ரத்தை! இன்னொரு முறை சொல்கிறேன், நான் சொன்ன நேரத்தில் எதிரணி நண்பர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பொருளாதாரத் துறை "உனக்குப் பொருளாதாரம் வராது" என்றது. திண்ணை "வா அம்மா, உட்கார்" என்றது. கடைசியில் பொருளாதாரத்தின் மிகப் பெரிய பரிசு திண்ணையைத் தேடி வந்தது. அந்தப் பரிசைப் பங்கிட்டுக்கொண்ட ஆலிவர் வில்லியம்சன் வீட்டுக்குள்ளேயே இருந்த பொருளாதாரக்காரர் என்பதையும், எதிரணி கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் இருந்தவருக்கும் திண்ணையில் இருந்தவருக்கும் சரிபாதி. நண்பரே, மழைக்கு ஒதுங்கியவர்களைக் கொஞ்சம் மரியாதையோடு பாருங்கள்.

நடுவர் மணியைப் பார்க்கிறார், விரைந்து முடிக்கிறேன். "ஆள்பவர் இதைப் படிப்பதில்லை, படித்தவர் ஆள்வதில்லை" என்றும் ஒரு குத்து வந்தது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களில் முனைவர் பட்டம் பெற்ற ஒரே ஒருவரான உட்ரோ வில்சன் இந்தத் துறைப் பேராசிரியர்தான். அந்நாட்டு நாடாளுமன்றம் எப்படி இயங்குகிறது என்பதை அங்கே போய்ப் பாராமலே 1885இல் நூலாக எழுதியவர், பிற்பாடு அதே நாடாளுமன்றத்தின் மேலவையில் தாம் கொண்டுவந்த, முதல் உலகப் போருக்குப் பிந்தைய வெர்சாய் உடன்படிக்கை 1919இலும் 1920இலும் தோற்பதைப் பார்த்தார். இது எதிரணிக்கு நான் இலவசமாகத் தரும் சான்று, வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவம் படித்தவருக்கும் காய்ச்சல் வரத்தான் செய்கிறது.

"செய்தித்தாள் படித்தாலே அரசியல் வந்துவிடும்" என்றதற்கும் ஒரு சொல். மூன்று பேர் மூன்று வேட்பாளர்களைத் தத்தம் விருப்பப்படி வரிசைப்படுத்துகிறார்கள். அந்த வரிசைகள் சற்றே சுழன்று, ஒருவருக்கு 1-2-3, இன்னொருவருக்கு 2-3-1, மற்றவருக்கு 3-1-2 என்று அமைந்துவிட்டால், முதல் வேட்பாளர் இரண்டாமவரை வெல்வார், இரண்டாமவர் மூன்றாமவரை வெல்வார், மூன்றாமவரோ திரும்பி வந்து முதலாமவரை வெல்வார். எல்லாமே பெரும்பான்மை வாக்கில்தான். மக்கள் விருப்பம் இதில் எது? பிரெஞ்சு அறிஞர் கொண்டோர்சே 1785இல் கண்ட இந்தப் புதிர் எந்தச் செய்தித்தாளின் முதல் பக்கத்தில் வந்தது? நல்லவேளையாக இந்த மன்றத்துக்கு ஒரே நடுவர். நாடுகளின் ஆட்சிமுறைகளை 158 வரை அரிஸ்டாட்டில் தொகுக்கச் செய்ததும், திருக்குறளின் பொருட்பாலில் முதல் 25 அதிகாரங்கள் 'அரசியல்' என்றே பிரிக்கப்பட்டிருப்பதும், பொழுது போகாமல் செய்த வேலைகள் அல்ல.

இனி நான் சொல்லப் போவது வாதமாகுமா என்று எனக்குத் தெரியாது. நண்பரே, அந்தத் திண்ணை வசனத்தை உங்களுக்கு முன்பே என் அம்மா சொல்லிவிட்டார். நான் இந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுத்த அன்று, "வேறு எதிலும் இடம் கிடைக்கவில்லையா?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அப்பா இறந்துபோனார். தமக்கு வர வேண்டிய ஓய்வூதியத்துக்காக அம்மா ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை போனார். மூன்று முறையும் "விதியில் இடமில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். தவறு தம்முடையது என்றே அம்மா நம்பினார். தாம் கட்டியிருந்த சேலை சரியில்லையோ, பேசிய முறை சரியில்லையோ என்றுகூட என்னிடம் கேட்டார்.

நான்காவது முறை நானும் போனேன். அந்த வாரம் வகுப்பில் ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் பாடமாக நடந்துகொண்டிருந்தார். அலுவலகத்தின் அதிகாரம் நாற்காலியில் இருப்பவரின் சொத்து அல்ல, எழுதப்பட்ட விதியிலிருந்து வருவது. ஆகவே அந்த விதி அவரையும் கட்டும் என்று குறிப்பேட்டில் எழுதியிருந்தேன். கை நடுங்கத்தான் கேட்டேன்: "ஐயா, எந்த விதியின்படி மறுக்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்." அவர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், உள்ளே போனார். அரைமணி நேரம் கழித்து வந்து, ஒரு சொல்லும் சொல்லாமல் மனுவை வாங்கிக்கொண்டு ஒப்புகைச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

வழி நெடுக அம்மா பேசவில்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான், "எழுதிக் கொடு என்று கேட்கலாம் என்பது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். பாடத்தில் வந்தது அம்மா என்றேன். அந்தச் சீட்டை நான்காக மடித்து, என் கல்லூரி அடையாள அட்டையின் உறைக்குள் அவரே செருகி வைத்தார். அடுத்த ஆண்டு, கட்டணம் கட்டும் நாளை எனக்கு முன்பே நினைவுபடுத்தியவர் அவர்தான்.

நடுவர் அவர்களே, தீர்ப்பு எந்தப் பக்கம் வந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். காரணத்தை மட்டும் சொல்லித் தீர்ப்பளித்துவிடுங்கள். அம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்; இப்போதெல்லாம் அவரே எழுந்து கேட்டுவிடுகிறார்.