கண்மாய் மடையும் கணவாய் நரம்பும்

நேயர்களுக்கு வணக்கம். இயற்பியல், கணினி, உயிரியல் என்று மூன்று பாடங்களிலும் 'கேட்' (gate, அதாவது வாயில்) என்ற சொல் வருகிறது. அவற்றைத் தனித்தனியாக மனப்பாடம் செய்து தேர்வு எழுதும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. ராமநாதபுரம் சீமையில் பிறந்த பிள்ளையைக் கண்மாய்க் கரைக்கு அழைத்துப் போனாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று பெயரெடுத்தது ராஜசிங்கமங்கலம் கண்மாய். ஒற்றை ஆள் மடைப்பலகையை ஒரு சாண் தூக்கினால் போதும், வயல் வயலாகத் தண்ணீர் பாயும். பாய்கிற வேகம் தேங்கி நிற்கும் நீருடையது. அந்த ஆள் வழி மட்டும் விடுகிறார்.

செல்பேசிக்குள் கோடிக்கணக்கில் இருக்கும், மின்னோட்டத்தைத் திறந்து மூடும் நுண்கருவிகளான டிரான்சிஸ்டர்களிலும் இதே ஏற்பாடுதான். 'கேட்' என்ற முனையில் சிறு மின்னழுத்தம் கொடுத்தால், அதன் அடியிலுள்ள சிலிக்கானில் மின்னோட்டத்துக்கு வழி பிறக்கிறது. மாணவர்கள் குழம்பும் இடமும் இதுதான். மின்னோட்டம் கேட்டின் ஊடாகப் போவதில்லை. இடையில் மின்கடத்தாப் படலம் ஒன்று தடுத்து நிற்கிறது. பெயர்தான் கேட், செய்வதோ பலகையைத் தூக்கும் கையின் வேலை.

இடித்துக்கொண்ட முழங்காலைத் தேய்த்தால் வலி தணிகிறதே, அதற்கும் தண்டுவடத்தில் வலிச் செய்தியை மறிக்கும் ஒரு கேட் உண்டு என்று 1965இல் மெல்சாக், வால் என்ற ஆய்வாளர்கள் இருவரும் விளக்கினார்கள். பின்னாளில் விவரங்கள் திருத்தப்பட்டாலும் அடிப்படைக் கருத்து நிலைத்திருக்கிறது.

என்னை மிகவும் வியக்க வைப்பது கணவாயின் நரம்பு. நம் கரையில் வலையில் ஏறும் ஊசிக்கணவாய்க்கு உறவான இனத்தைத்தான் இங்கிலாந்தில் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற அறிவியலாளர்கள் ஆராய்ந்தார்கள். அதன் பெரிய நரம்பிழை ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமன். உள்ளே மெல்லிய மின்முனையையே செலுத்திவிடலாம். நரம்பில் செய்தி எழும்போது சோடியம் அயனி (மின்னூட்டமுள்ள அணு) உள்ளே நுழையும் வழியில் மூன்று கதவுகள் திறந்திருக்க வேண்டும், நான்காவது சாத்தாமல் இருக்க வேண்டும் என்பது போல 1952இல் அவர்கள் போட்ட கணக்கு, சோதனையோடு நன்றாகப் பொருந்தியது. அந்த வழியை அன்று எவரும் கண்ணால் கண்டதில்லை! 1963இல் நோபல் பரிசு பெற்றார்கள். எல்லா நிபந்தனையும் கூடினால்தான் வழிவிடுவது என்ற இதே விதியில்தான் கணினியின் 'அண்ட்' (AND) கேட்டும் இயங்குகிறது: உள்ளீடுகள் அனைத்தும் 1 ஆனால்தான் வெளியீடு 1.

தொண்டி முதல் ராமேசுவரம் வரையுள்ள பள்ளிகளின் உயிரியல் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். காலையில் கரையிலேயே ஓர் ஊசிக்கணவாய் வாங்கி வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். உடலைப் பிளந்து, சதைச்சுவரின் உட்புறத்தில் கிளை கிளையாகப் பிரியும் நரம்புமுடிச்சைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அந்தப் பெரிய நரம்பிழைகள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. வணக்கம்.