ஒரே மரபணு, மூன்று நோய்

(திரையில்: மியூனிக், 1937)

குழந்தை மருத்துவர் ஆல்ஃபிரட் விஸ்காட் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதுகிறார். கூடப்பிறந்த மூன்று பையன்கள். மூவருக்கும் ரத்தப்பேதி, தோலில் கரப்பான், காதில் ஓயாத சீழ். அந்த வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கோ ஒன்றுமே இல்லை.

1954-இல் அமெரிக்காவில் ராபர்ட் ஆல்ட்ரிச் இன்னொரு குடும்பத்தை ஆராய்ந்து, நோய் அம்மா வழியில் ஆண்பிள்ளைகளுக்கு இறங்குவதைக் காட்டினார். பழுது எக்ஸ் குரோமோசோமில். பெண்ணுக்கு அது இரண்டு உண்டு, ஒன்று கெட்டால் மற்றது தாங்கும். பையனுக்கு இருப்பதே ஒன்று.

1994-இல் மரபணு சிக்கியது. அது செய்யும் புரதத்தின் பெயர் வாஸ்ப்.

(அனிமேஷன்: கிருமியை நோக்கி ஊர்ந்து போகும் வெள்ளணு)

வெள்ளணு இப்படி ஊர்ந்து போக, உள்ளே ஆக்டின் என்ற புரத இழைகள் கிளைவிட வேண்டும். கிளைவிடச் சொல்வது வாஸ்ப். சும்மா இருக்கும்போது அது தன் வாலைத் தானே கவ்விக்கொண்டு மடங்கிக் கிடக்கும். செல்லுக்குச் சேதி வந்தால்தான் விரியும்.

(திரையில்: தம்பி பழம் வெட்டு)

2006-இல் விஸ்காட் பார்த்த அதே குடும்பத்து வழிவந்தவர்களிடம் பிழையைக் கண்டுபிடித்தார்கள். டிஎன்ஏவில் இரண்டே எழுத்து விட்டுப்போயிருந்தது. இரண்டுதானே என்கிறீர்களா? செல் மூன்று மூன்று எழுத்தாகத்தான் படிக்கும். இந்த வரியில் முதல் இரண்டு எழுத்தை எடுத்துவிட்டு, மும்மூன்றாகப் படியுங்கள்.

(திரையில்: பிபழ ம்வெட் டு)

உளறல்! வாஸ்ப் உருவாகவே இல்லை. இதுதான் முழு விஸ்காட்–ஆல்ட்ரிச் நோய்.

சிலருக்கு எழுத்து விடுபடாது, ஒன்று மாறியிருக்கும், அவ்வளவுதான். வாக்கியம் ஓரளவு புரியும். கொஞ்சம் வாஸ்ப் கிடைக்கும். இவர்களுக்குப் பெரும்பாலும் பிளேட்லெட் பிரச்சினை மட்டும். டெங்கு புண்ணியத்தில் பிளேட்லெட் எண்ணிக்கை நமக்கெல்லாம் அத்துப்படி. இங்கே எண்ணிக்கையோடு அளவையும் பார்க்க வேண்டும், ஒவ்வொன்றும் வழக்கத்தைவிடச் சின்னதாக இருக்கும்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. 2001-இல் ஒரு குடும்பத்தில், வாஸ்ப் சங்கிலியின் 270-ஆவது இடத்தில் லூசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் புரோலின் என்ற இன்னொன்று. வாலைக் கவ்வும் பிடி சரியாக அங்கேதான் இருக்கிறது. பிடி விட்டது, வாஸ்ப் மடங்கவே மறுக்கிறது. எந்நேரமும் ஆக்டின், ஆக்டின். எலும்பு மஜ்ஜையில் நியூட்ரோஃபில் என்ற வகை வெள்ளணு ஆக வேண்டிய செல்கள் ஒழுங்காகப் பிரிய முடியாமல் மடிகின்றன. இவர்களுக்குக் கரப்பான் இல்லை, பிளேட்லெட்டும் ஏறக்குறையச் சரி. ஆனால் நியூட்ரோஃபில் குறைவு, அதனால் பாக்டீரியா தொற்று.

வாஸ்ப் இல்லாத குழந்தைக்கு, நல்ல மரபணுவை அதன் ரத்த ஸ்டெம் செல்லில் சேர்க்கும் சிகிச்சை பலன் தந்திருக்கிறது. அதையே மூன்றாம் வகைக்குச் செய்து பயனில்லை. நல்லதை எத்தனை சேர்த்தாலும், பிடி விட்ட வாஸ்ப் உள்ளே ஓடிக்கொண்டேதான் இருக்கும்.