காய்க்காத கதையையும் சேர்த்துக் கொடுங்கள்

(ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளி அருகே, வீட்டுத்தோட்டக்காரர்கள் விதை பகிர்ந்துகொள்வதற்காகக் கூடிய ஒரு காலைப் பொழுதில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். மண்டபம், பாம்பன் பக்கமிருந்து வந்தவர்களுக்கும், கீழக்கரை, ஏர்வாடி லாத்தாமார்களுக்கும், தொண்டியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவர்களுக்கும் வணக்கம். எனக்கு அரை மணி நேரம் தந்திருக்கிறார்கள். ஆனால் நீங்கள் என்னைப் பார்ப்பதுபோல இருந்தாலும் கண்ணெல்லாம் எனக்குப் பின்னால் இருக்கிற மேசை மேல்தான் இருக்கிறது. (சிரிப்பு) அந்தக் குடுவைச் சுரையை யாரும் ஒளித்து வைத்துவிட மாட்டார்கள், கவலைப்படாதீர்கள்.

நான் கேட்க வந்தது ஒன்றுதான். விதையைக் கொடுக்கும்போது, அது எப்போது காய்க்கவில்லை, எந்தத் தண்ணீருக்கு வாடியது என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்.

நாம் பொதுவாக எப்படிக் கொடுக்கிறோம்? "நல்ல அவரைங்க, கொத்துக் கொத்தாக் காய்க்கும், கொண்டு போங்க" என்கிறோம். அதில் பொய் இல்லை. வாங்கிப் போனவர் மாசியில் போடுகிறார். கொடி பந்தலை மூடுகிறது, கூரையில் ஏறுகிறது, பக்கத்து வீட்டு மாடிக்கும் போய்விடுகிறது. பூ மட்டும் இல்லை. அவர் சாணி வைக்கிறார், மோர் ஊற்றுகிறார், கடைசியில் நம்மைத் திட்டுகிறார். கொடி என்ன செய்யும்? நாட்டுக் கொடி அவரைகளில் பெரும்பாலானவை பகல் பொழுது சுருங்கினால்தான் பூவெடுக்கும். ஆடியில் போட்டாலும் ஆவணியில் போட்டாலும் பனிக்காலத்தை ஒட்டித்தான் பூ, மார்கழி தையில்தான் காய். மாசியில் போட்டவர் அடுத்த பனிக்காலம் வரை இலைக்குத் தண்ணீர் சுமக்க வேண்டியதுதான். செடி அவரையில் பகல் நீளத்தைப் பார்க்காத ரகங்கள் இருக்கின்றன; அது வேறு சாதி. "இது கொடி, ஆடிக்கு மேல போடுங்க" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அந்த மனிதருக்கு ஒரு கோடைத் தண்ணீர் மிச்சம்.

தண்ணீர் மிச்சம் என்று இந்த ஊரில் சொன்னால் அதன் எடை உங்களுக்குத் தெரியும். ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வந்துவிட்டுப் போய்விடும். மற்ற மாதமெல்லாம் மணலுக்கடியில் இருக்கிற நல்ல தண்ணீரை நம்பிப் பிழைக்கிறோம். கரையோரத்தில் அந்த நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. ஊற்றுத் தோண்டிப் பட்டையில் மொண்டால் இனிக்கும். மோட்டாரை வைத்து உறிஞ்சினால் கீழே இருக்கிற உப்பு மேலே ஏறிவிடும். பாட்டிமார் சிரட்டையால் அள்ளி அள்ளிக் குடம் நிறைத்தது பொறுமையால் மட்டுமில்லை.

ஆகவே வெளியூர்த் தோட்டக்காரர் சொல்கிற அனுபவத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து நட முடியாது. ஆடிப்பட்டம் தேடி விதை என்பது நல்ல பழமொழி, ஆனால் அது நம் கரைக்காகச் சொன்னதில்லை என்பது என் கட்சி. ஆடியில் இங்கே மேற்கேயிருந்து வரும் கச்சான் காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கும். நாற்றை வைத்தால் மறுநாள் பாதி மணலுக்குள் இருக்கும். நம்முடைய மானாவாரிக்காரர்கள் புரட்டாசியில் புழுதியில் விதைத்து மழைக்குக் காத்திருப்பவர்கள். முண்டு மிளகாயும் அந்த மழையை நம்பித்தான் வளர்கிறது. வீட்டுத் தோட்டத்துக்கும் அதே கணக்குத்தான் சரி. ஆடியில் போட்டே தீர வேண்டும் என்றால் மேற்கே கிடுகுத் தட்டியோ பனையோலை மறைப்போ கட்டிவிட்டுப் போடுங்கள். கடலைப் பார்த்த பக்கத்துக்கும் ஒரு மறைப்பு வேண்டும். வாடைக்காற்று உப்புச் சாரலைக் கொண்டுவந்து இலை ஓரத்தைக் கருக்கிவிடும். அதை நோய் என்று நினைத்து மருந்து வாங்கி அடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

எந்தக் காய் உப்பைத் தாங்கும் என்பதில் நம் கைப்பழக்கமும் விஞ்ஞானிகள் சொல்வதும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. பீன்ஸ், வெங்காயம், கேரட் மூன்றும் உப்புக்கு மிக நோஞ்சான்கள். மிளகாயும் தக்காளியும் நடுவில். தட்டைப்பயறும் பீட்ரூட்டும் நன்றாகவே தாங்கும். கொத்தவரை இன்னும் ஒரு படி மேல். உங்கள் கிணறு சப்பென்று உவர்த்தால் பீன்ஸோடு மல்லுக்கட்டாமல் கொத்தவரையைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள். இன்னொன்று, முளைவிடும் விதையும் பிஞ்சு நாற்றும்தான் பெரும்பாலும் உப்புக்கு அதிகம் அஞ்சும். மழைத் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்து, நாற்றுக்கு மட்டும் அதை ஊற்றுங்கள். செடி வேர் பிடித்த பிறகு கிணற்றுக்கு மாறலாம். தேங்காய் நார்க்கழிவு வாங்கினால் நல்ல தண்ணீரில் நன்றாக அலசிவிட்டு நிரப்புங்கள். அதிலேயே உப்பு இருக்கும்.

இனி எந்தக் காயை விதைக்கு விடுவது என்பதைக் கொஞ்சம் நின்று பேசப்போகிறேன். இதில்தான் எனக்குக் கோபம் வரும்.

முதலில் வருகிற நல்ல காயை நாம் பறித்துச் சாம்பாரில் போட்டுவிடுகிறோம். இரண்டாவதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கிறோம். கொடி களைத்து, இலை பழுத்து, இலைக்குள் கண்ணில் படாமல் ஒரு காய் முற்றிக் கிடந்தால், "சரி, இது விதைக்கு ஆகட்டும்" என்கிறோம். யோசித்துப் பாருங்கள். ஆண்டுதோறும் பிந்திக் காய்த்ததையும் சொத்தையாக மிஞ்சியதையும் விதைக்கு விட்டால், நம் கையாலேயே அந்தச் சாதியைச் சோம்பேறி ஆக்குகிறோம். விதைக் காயை முதல் பறிப்பிலேயே குறித்துவிட வேண்டும். அதிலும் காயைப் பார்க்காதீர்கள், கொடியைப் பாருங்கள். ஒரே ஒரு பெரிய காய் விட்ட கொடியைவிட, உவர்த் தண்ணீரில் மற்றதெல்லாம் கருகியபோது பச்சையாக நின்று சுமாராகக் காய்த்த கொடிதான் நமக்கு வேண்டியது. அதில் சிவப்பு நூல் கட்டுங்கள். வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள், மருமகளிடம் முதலில் சொல்லுங்கள். (சிரிப்பு) ஒரே கொடியிலும் எடுக்காதீர்கள்; மூன்று நான்கு நல்ல கொடிகளின் விதையைக் கலந்து வையுங்கள். இப்படித் தலைமுறை தலைமுறையாக இந்த மணலில், இந்தத் தண்ணீரில் பொறுக்கி எடுத்த விதைக்கு, எந்தக் கடைப் பாக்கெட்டிலும் இல்லாத ஒன்று சேரும்.

விதைக் காய் சமையலுக்கு உதவாத அளவு முற்ற வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். கத்தரி மஞ்சளாகிப் பழுப்பேற வேண்டும், வெண்டை செடியிலேயே காய்ந்து வெடிக்கப் பார்க்க வேண்டும், மிளகாய் சிவந்து சுருங்க வேண்டும். தக்காளி விதையைச் சாறோடு ஒன்றிரண்டு நாள் புளிக்க விட்டு அலசினால் மேலே இருக்கும் வழவழப்புப் போய்விடும்.

கலப்பு விஷயத்துக்கு வருகிறேன். தட்டைப்பயறும் தக்காளியும் பெரும்பாலும் தன் பூவில் தானே கருக்கட்டிக்கொள்ளும். பக்கத்தில் வேறு ரகம் இருந்தாலும் பெரிய பயமில்லை. மிளகாய் அப்படியில்லை. நம்முடைய முண்டுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உருண்டையாக, தோல் தடித்துப் பளபளவென்று இருப்பதுதான் அதன் அடையாளம். அதைத் தொட்டியில் வைத்து, பக்கத்துத் தொட்டியில் நீளமான சம்பா மிளகாயும் வைத்து, அந்த முண்டிலிருந்து விதை எடுத்து "அசல் முண்டு" என்று சீட்டு ஒட்டிக் கொடுத்தால், அடுத்த ஆண்டு வாங்கியவர் வீட்டில் முண்டும் இல்லாமல் சம்பாவும் இல்லாமல் ஒன்று தொங்கும். விதைக்கு விடும் செடியை மொட்டு விடுவதற்கு முன்பே கொசுவலைத் துணியால் மூடுங்கள். நம் ஊர் என்பதால் சொல்கிறேன், மீன்வலை உதவாது. தேனீ புகுந்து வெளியே வந்துவிடும்.

பூசணிக் குடும்பத்துக்கு நாம்தான் தேனீயாக வேண்டும். பரங்கிப் பூ விடியலில் விரியும். அதனால் முந்தின நாள் மாலையிலேயே, மறுநாள் விரியப்போகிற ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் நூலால் கட்டிவிடுங்கள். காலையில் ஆண் பூவின் இதழைக் கிழித்துவிட்டு, அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவி, மறுபடியும் கட்டிவிட்டு அடையாளம் வையுங்கள். சுரையும் புடலும் பீர்க்கும் பொழுது சாயும் நேரத்தில் பூப்பவை. அவற்றுக்குக் காலையில் போய் நின்றால் பூ வாடியிருக்கும். மாலைத் தொழுகைக்கும் விளக்கு வைக்கிறதுக்கும் நடுவில் ஒரு நடை போய் வாருங்கள்.

சுரை பற்றி ஓர் எச்சரிக்கை, இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சுரையில் சில நேரம் கசப்புக் காய் வரும். பேய்ச்சுரைக் கலப்பு விதையில் வந்திருக்கலாம். அந்தக் கசப்பு நஞ்சு. வாந்தியும் வயிற்றுப்போக்கும் ரத்தப்போக்கும் வரை கொண்டுபோகும். கொஞ்சம் நாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் துப்பிவிட்டுக் காயை எறியுங்கள். பாகற்காய் கசப்பதுபோல இதுவும் உடம்புக்கு நல்லது என்று யாராவது சாறு பிழிந்து நீட்டினால் குடிக்காதீர்கள். அந்தக் கொடியின் விதையை ஒருவருக்கும் கொடுக்காதீர்கள்.

விதையைக் காய வைப்பது நம் கரையில் தனி வேலை. காற்றில் எப்போதும் ஈரம். முற்றத்தில் காய்ந்ததுபோல இருக்கும் விதை, இரவில் திரும்ப ஈரத்தை வாங்கிக்கொள்ளும். சாம்பல் புரட்டி வைப்பதும், வறட்டியில் பதித்து வைப்பதும், வேப்பிலை போடுவதும் நல்ல வழிகள்தான்; நான் குறை சொல்ல மாட்டேன். அதோடு வறுத்த அரிசியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரிசியை நன்றாக வறுத்து, மூடி வைத்து ஆறவிட்டு, கண்ணாடிப் பாட்டிலின் அடியில் போடுங்கள். விதையைத் துணியில் முடிந்து அதன் மேல் வைத்து, இறுக மூடி இரண்டு வாரம் விடுங்கள். அரிசி ஈரத்தைக் குடித்துவிடும். சுரை விதையை மடக்கினால் வளையக் கூடாது, ஒடிய வேண்டும். அவரையைக் கடித்தால் பல் பதியக் கூடாது. அமாவாசைக்கு அமாவாசை விதையை எடுத்துக் காய வைக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. மறக்காமல் பார்ப்பதற்கு நல்ல நாள்காட்டி. ஆனால் கார்த்திகை அமாவாசைக்கு, வெளியே மழை ஊற்றும்போது பாட்டிலைத் திறக்காதீர்கள். வெங்காய விதையை ஓராண்டுக்கு மேல் நம்பாதீர்கள். தக்காளி, கத்தரி, சுரை நன்றாகக் காய்ந்திருந்தால் சில ஆண்டுகள் இருக்கும். கொடுப்பதற்கு முன்னால் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி முளைப்புப் பாருங்கள். முளைக்காத விதையைக் கொடுப்பது, ஓட்டைப் படகைத் தானம் கொடுப்பதுபோல.

இவ்வளவும் செய்தாலும் ஒரு வீட்டில் இருக்கிற விதைக்குப் பாதுகாப்பு இல்லை. 1964 டிசம்பரில் புயலில் தனுஷ்கோடி அழிந்துபோனதைக் கேட்டு வளர்ந்த நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. நீங்கள் கொடுத்த நாலு வீட்டில் ஒரு வீட்டிலாவது அது உயிரோடு இருந்தால் திரும்பக் கேட்டு வாங்கலாம். கொடுத்தவருக்குத்தான் அந்த வசதி. பூட்டி வைத்தவருக்குக் கிடையாது. யாழ்ப்பாண முருங்கை, சாவகச்சேரி முருங்கை என்று இன்றைக்கும் சொல்கிறோமே, 1914 முதல் அந்தப் புயல் வரை தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடிய கரை இது. இறங்கி வந்தவர்கள் மூட்டையில் எத்தனை போத்தும் (நடுவதற்கான கிளைத்துண்டு) விதையும் வந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்று அப்படி எடுத்துப் போக முடியாது. துபாயில் இருக்கும் மகனுக்கு விதை கொடுத்தனுப்பலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். நாடு விட்டு நாடு விதை போக நோயில்லை என்ற சான்றிதழ் கேட்பார்கள், விமான நிலையத்தில் பிடுங்கிப் போட்டால் வருத்தப்படாதீர்கள். உள்ளூரில் தடை இல்லை. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், உழவர் தன் விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், பகிரவும், விற்கவும் உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தை முத்திரைப் பெயர் போட்டு விற்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஹைப்ரிட் என்கிற வீரிய ஒட்டுரகம் போடுகிறவர்களை நான் திட்ட மாட்டேன். அதன் காயிலிருந்து எடுத்த விதை தாயைப் போல வராது. ஆகவே அதே பெயரில் அதைக் கொடுக்காதீர்கள். பார்க்க ஆசையாக இருந்தால் போட்டுப் பாருங்கள், "என்ன வரும் என்று தெரியாது" என்று எழுதிக் கொடுங்கள்.

சரி, மேசைக்குப் போகலாம். பக்கத்தில் வெள்ளைச் சீட்டு வைத்திருக்கிறோம். பெயர், எடுத்த மாதம், உங்கள் தண்ணீர் நல்லதா உவரா, பக்கத்தில் வேறு ரகம் இருந்ததா, எப்போது போட்டபோது காய்க்கவில்லை, இவ்வளவு எழுதினால் போதும். எழுத வராதவர்கள் அந்த ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பள்ளிப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், எழுதித் தருவார்கள். முருங்கைப் போத்து வெளியே வேப்பமரத்தடியில் ஈரச் சாக்கில் இருக்கிறது, மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். அந்தக் குடுவைச் சுரையில் ஒரு வீட்டுக்கு ஐந்து விதைதான். ஏர்வாடி லாத்தா எண்ணிக் கொடுப்பார்கள், அவர்களிடம் பேரம் நடக்காது.