பேரன் வேறு, மகன் வேறு

நடுவர் அவர்களே, வணக்கம். இளைஞர்களை ஆபத்தில் தள்ளுவது அவர்களுடைய துணிச்சலா, பெரியவர்கள் பொத்திப் பொத்தி வளர்ப்பதா? துணிச்சல்தான் என்று சொன்ன எதிரணி நண்பர், கோடை விடுமுறையில் ஆற்றில் மூழ்கிய மாணவர்களைப் பற்றிப் பேசினார். எனக்கும் மனசு கனத்தது. ஆனால் அப்படிப்பட்ட செய்திகளில் வழக்கமாக வரும் ஒரு வரியை அவர் படிக்கவில்லை: "நீச்சல் தெரியாததால்."

ஏன் தெரியவில்லை? என் அப்பா காய்ந்த சுரைக்குடுக்கையை என் முதுகில் கட்டிக் கிணற்றில் தூக்கிப் போட்டார். பாதிக் கிணற்றைக் குடித்தேன். அவர் படியிலேயே உட்கார்ந்திருந்தார், கண் என்மேல். சில நாளில் குடுக்கையை அவிழ்த்துவிட்டார். அதே அப்பா இன்று என் பையன் கிணற்றை எட்டிப் பார்த்தாலே அலறுகிறார். "என்னை மட்டும் தள்ளிவிட்டீங்களே?" என்று கேட்டேன். "நீ மகன், அவன் பேரன்டா!" என்றார். அசலைக் கிணற்றில் போட்டவருக்கு வட்டிமேல் அவ்வளவு பாசம்!

சரி, பேரனுக்குத் தண்ணீர் ஆசை போய்விடுமா? பதினாறு வயதில், வீட்டுக்குச் சொல்லாமல் நாலு பேரோடு போவான். நாம் போட்ட தடையால் கரையில் ஆள் இல்லாமல் போனதுதான் மிச்சம்.

நீச்சல் தெரிந்தவனும் மணல் அள்ளிய குழியில் சிக்குகிறானே என்பீர்கள். உண்மை. அந்தக் குழியை எந்தப் பையனும் தோண்டவில்லை, ஐயா. எங்கே இறங்கலாம், எங்கே கூடாது என்பதையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால்தானே தெரியும்?

பங்களாதேஷில் ஊர்க் குளத்துக்குள்ளேயே மூங்கில் மேடை கட்டிச் சிறுபிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித் தருகிறார்கள். 25 மீட்டர் நீந்த வேண்டும், 30 விநாடி மிதக்க வேண்டும். திரும்பிய பக்கமெல்லாம் தண்ணீர் உள்ள நாடு. குளத்துக்கு வேலி போட்டு மாளாது. பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்றுக்கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

நடுவர் அவர்களே, தீர்ப்புக்கு முன் எதிரணியிடம் ஒன்று கேட்டுவிடுங்கள். உங்கள் மூவரில் யார் யாருக்கு நீச்சல் தெரியும்? எந்தக் கிணற்றில் கற்றீர்கள்? அப்புறம், உங்கள் பிள்ளைகளுக்கு?