ஒரே ஒரு எண்ணை மாற்றியதும் உங்கள் 3டி மாடல் உடைகிறதா? கோளாறு ஸ்கெட்சில், அதாவது மாடலுக்கு அடிப்படையான தட்டை வரைபடத்தில் இருக்கிறது!

[திரையில்: செவ்வகத் தட்டு ஒன்று மெல்லச் சுழல்கிறது]

இந்தத் தட்டைப் பாருங்கள். அகலம் 60 மி.மீ., நீளம் 80 மி.மீ. மூலைக்கு ஒன்றாக நான்கு போல்ட் துளைகள், ஓரமெல்லாம் ஃபில்லெட், அதாவது உருட்டிய விளிம்பு. கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது. இப்போது 60 என்ற எண்ணை மட்டும் 40 ஆக்குகிறேன்.

[திரையில்: வலது பக்க வட்டங்கள் இரண்டும் தட்டுக்கு வெளியே அந்தரத்தில்]

போச்சு! வலது பக்கத் துளைகளுக்கு இடது ஓரத்திலிருந்து 50 மி.மீ. என்று அளவு கொடுத்திருக்கிறார்கள். தட்டோ 40-லேயே முடிந்துவிட்டது. மென்பொருள் சொன்னதைச் செய்திருக்கிறது. நாம்தான் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

வரலாற்றை வேகமாகத் தாண்டிவிடலாம். 1963-ல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் ஸ்கெட்ச்பேட் என்ற நிரலை உருவாக்கினார். திரையில் ஒளிப்பேனாவால் கோடு வரையலாம். இந்தக் கோடும் அந்தக் கோடும் இணையாக இருக்கட்டும் என்றால், கணினியே அவற்றைச் சரிசெய்யும். இன்று நாம் கன்ஸ்ட்ரெயின்ட் என்று சொல்வது அப்போதே இருந்தது!

சரி, எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வருவோம். ஒரு பேப்பரை எடுத்துக்கொள்ளுங்கள், சேர்ந்தே எண்ணலாம்.

ஒரு கோட்டுக்கு இரண்டு முனைகள். ஒவ்வொரு முனைக்கும் எக்ஸ், ஒய் என்று இரண்டு எண்கள். ஆக ஒரு கோட்டுக்கு 4, நான்கு கோடுகளுக்கு 16. அதாவது, இந்தச் செவ்வகம் 16 விதங்களில் நகரலாம். இவற்றைத்தான் விடுதலை (டிகிரி ஆஃப் ஃப்ரீடம்) என்கிறோம். மூலைகளை ஒட்டுங்கள்: ஒரு மூலைக்கு 2 வீதம் 8 போய்விடும். இரண்டு கோடுகள் கிடைமட்டம், இரண்டு செங்குத்து என்றால் இன்னும் 4 போகும். மிச்சம் நான்கே நான்கு. அகலம், நீளம், அப்புறம் தட்டு எங்கே இருக்கிறது என்பதற்கு இரண்டு. 60, 80 என்று அளவு கொடுங்கள். எதிரெதிர் மூலைகள் இரண்டை, எக்ஸ், ஒய் இரண்டும் பூஜ்யமாக உள்ள ஆரிஜின் புள்ளிக்குச் சிமெட்ரிக், அதாவது சமச்சீர் ஆக்குங்கள்.

[திரையில்: ஸ்கெட்ச் முழுதும் பச்சையாகிறது]

மிச்சம் பூஜ்யம்! ஃப்ரீகேட் என்ற 3டி மாடலிங் மென்பொருள் பச்சை காட்டும். சாலிட்வொர்க்ஸ் என்ற மென்பொருளில் நீலக் கோடுகள் கறுப்பாகும். அந்த நிறம் மாறும் நொடிக்காகவே நான் ஸ்கெட்ச் போடுவேன்.

இப்போது மூலைவிட்டத்துக்கு 100 என்று அளவு கொடுத்துப் பாருங்கள். கணக்கு சரிதான், 60-80-100. ஆனாலும் மென்பொருள் ஏற்காது. அகலமும் நீளமும் தெரிந்த பிறகு அது உபரி. நாளைக்கு 60-ஐ மாற்றினால் எந்த எண்ணை நம்புவது?

துளைகளுக்கும் இதே கணக்குதான். ஒரு வட்டத்துக்கு மையம் 2, ஆரம் 1. நான்கு வட்டங்களுக்கு 12. நான்கும் சமம் என்றால் 3 போகும். எம்6, அதாவது 6 மி.மீ. போல்ட் தளர்வாக நுழைய விட்டம் 6.6 மி.மீ. கொடுத்தால் இன்னொன்று. ஒரு துளையை மட்டும் பக்கத்து ஓரங்களிலிருந்து 10 மி.மீ. தள்ளி வையுங்கள், அதில் 2. மற்ற மூன்றையும் அதற்குச் சிமெட்ரிக் ஆக்கினால் ஆளுக்கு 2 வீதம் 6. மொத்தம் 12, துல்லியமாக! இனி அகலத்தை 40 ஆக்கினால் துளைகள் 10-லும் 30-லும் தானாகப் போய் உட்காரும்.

ஆரம்பநிலை வீடியோக்கள் பல ஸ்கெட்சை அரை நிமிடத்தில் முடித்து எக்ஸ்ட்ரூடுக்கு ஓடுகின்றன. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. ஒரு பாகத்தின் புத்தி முழுக்க அந்த ஸ்கெட்சில்தான் இருக்கிறது. எக்ஸ்ட்ரூட் என்பது அதைத் தடிமனாக்கும் ஒரு கிளிக், அவ்வளவுதான்.

ஃபில்லெட்டைப் பற்றி ஒன்று. அதை எப்போதும் கடைசியில் போடுங்கள். மென்பொருள் விளிம்புகளுக்குள் எண் போட்டு, ஏழாவது விளிம்பை உருட்டு என்று நினைவில் வைத்திருக்கலாம். வரிசையில் ஏழாவது ஆளைக் கூப்பிடச் சொல்லிவைத்த பிறகு, நடுவில் ஒருவர் புகுந்தால் யார் வருவார்? வேறு ஆள்தான். புதிதாக ஒரு துளை சேர்த்ததும் ஃபில்லெட் வேறு விளிம்புக்குத் தாவுவது இதனால்தான். ஃப்ரீகேட் பயனர்களைப் பல வருடம் படுத்திய இந்தச் சிக்கலை 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பு பெருமளவு குறைத்தது. கைகொடுக்க வேண்டிய உழைப்பு!

பல பாகங்களை ஒன்றாகச் சேர்க்கும் அசெம்பிளிக்குத் தனி வீடியோ வரும். அதற்குள் உங்கள் பழைய மாடல் ஒன்றைத் திறந்து முதல் ஸ்கெட்சில் இன்னும் எத்தனை விடுதலை பாக்கி இருக்கிறது என்று பாருங்கள். அந்த எண்ணையும், எந்த மென்பொருள் என்பதையும் கமெண்டில் எழுதுங்கள்.