லினக்ஸில் கிராபிக்ஸ் டிரைவர் ஏறவில்லையா? எல்லாவற்றையும் அழிப்பதற்கு முன் இதைப் பாருங்கள்

[திரை முழுதும் கறுப்பு. இடது மூலையில் ஒரு சிறு கோடு மட்டும் சிமிட்டுகிறது.]

டிரைவரை நிறுவினீர்கள், கணினியை மறுபடி தொடங்கினீர்கள், வந்து நிற்பது இந்தக் கறுப்புத் திரை. இந்த இடத்தில் பலரும் பென் டிரைவைத் தேடி எடுத்து லினக்ஸை முதலிலிருந்து நிறுவத் தொடங்கிவிடுகிறார்கள். ஒருமுறை ஒரே வாரத்தில் மூன்று தடவை நானும் அப்படி நிறுவினேன். மூன்று தடவையும் டிரைவர் ஏறவில்லை. கோளாறு லினக்ஸில் இல்லை, மதர்போர்டு அமைப்பில் இருந்த ஒரு பூட்டில் இருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இப்போதைக்கு எதையும் அழிக்காதீர்கள்.

[விசைப்பலகை. மூன்று விசைகள் ஒளிர்கின்றன.]

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பயனர் பெயர் கேட்டு ஒரு வரி வந்தால் கணினி நன்றாகத்தான் இருக்கிறது, படம் வரும் வழி மட்டும் அடைபட்டிருக்கிறது. அங்கேயே உள்ளே நுழைந்து வேலையைத் தொடரலாம். அந்த வரியும் வராவிட்டால் கணினியை அணைத்துத் தொடங்கி, எந்த லினக்ஸைத் தொடங்குவது என்று கேட்கும் கிரப் மெனுவில் 'இ' விசையை அழுத்துங்கள். லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில், திரையில் காட்டும் 'நோமோட்செட்' என்ற சொல்லைச் சேர்த்துத் தொடங்குங்கள். படம் சொரசொரப்பாகத்தான் தெரியும், ஆனால் தெரியும். இந்த மாற்றம் அந்த ஒரு முறைக்கு மட்டுமே.

[இரண்டு பெட்டிகள்: ஒன்றில் 'கெர்னல் மாட்யூல்', மற்றதில் 'நூலகங்கள்'.]

டிரைவர் என்பது ஒரே பொருள் அல்ல, இரண்டு பாதிகள். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் அமர்ந்து கிராபிக்ஸ் கார்டோடு நேரடியாகப் பேசும் மாட்யூல் ஒரு பாதி. விளையாட்டுகளும் வீடியோ மென்பொருள்களும் பயன்படுத்தும் நூலகங்கள் இன்னொரு பாதி. என்விடியா டிரைவரில் இரண்டும் ஒரே பதிப்பாக இருந்தாக வேண்டும். அப்டேட் முடிந்த கையோடு 'டிரைவர், லைப்ரரி வெர்ஷன் மிஸ்மேட்ச்' என்று செய்தி வருவது இதனால்தான். வட்டில் புதிய நூலகம் வந்துவிட்டது, நினைவகத்தில் பழைய மாட்யூலே ஓடிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் ஒருமுறை மறுதொடக்கம் செய்தாலே சரியாகிவிடும்.

ஏஎம்டி, இன்டெல் கார்டு வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது குறைவு. அவற்றின் மாட்யூல்கள் கெர்னலோடு சேர்ந்தே வருகின்றன. ஏஎம்டியின் 'ஏஎம்டிஜிபியு' 2015-இல் கெர்னல் 4.2-இல் சேர்ந்தது. நூலகப் பக்கத்தை மேசா என்ற திறந்த நூலகத் தொகுப்பு பார்த்துக்கொள்கிறது. ஆகவே பொதுவாக எதையும் இணையதளத்திலிருந்து இறக்க வேண்டியதில்லை. கார்டு மிகப் புதியது என்றால் கெர்னல், மேசா, ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஓடும் சிறு மென்பொருள்) மூன்றையும் புதுப்பியுங்கள். இனி வருவது பெரும்பாலும் என்விடியாவைப் பற்றியதே.

[டெர்மினல். 'எல்எஸ்பிசிஐ -கே' கட்டளை, அதன் விடை.]

முதல் கேள்வி: கார்டு இப்போது யார் கையில் இருக்கிறது? இந்தக் கட்டளையின் விடையில் 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரியைப் பாருங்கள். அங்கே என்விடியா என்று இருந்தால் மாட்யூல் ஏறிவிட்டது. அப்படியும் படம் இல்லையென்றால் மானிட்டர் கேபிளைப் பாருங்கள். அது கார்டில் இல்லாமல் மதர்போர்டின் துளையில் செருகியிருந்து, நாள் முழுக்க டெர்மினலோடு போராடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

'நூவோ' என்று இருந்தால், நிறுவனத்தின் உதவியில்லாமல் ஆர்வலர்கள் கார்டின் நடத்தையை ஆராய்ந்தே எழுதத் தொடங்கிய திறந்த டிரைவர் கார்டைப் பிடித்திருக்கிறது. பெரிய உழைப்பு அது, மரியாதைக்குரியது. ஆனால் ஒரே கார்டை இரண்டு மாட்யூல்கள் பிடிக்க முடியாது. உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் விநியோகங்களின் என்விடியா தொகுப்புகள் பொதுவாக நூவோவைத் தாமே தடைப்பட்டியலில் சேர்த்துவிடும். நீங்களே சேர்த்தால், தொடக்கக் கோப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் மறுபடி உருவாக்குங்கள். இந்தப் படியை மறந்துவிட்டால், பட்டியல் சரியாக இருந்தும் நூவோ முந்திக்கொண்டு ஏறிவிடக்கூடும்.

அந்த வரியே இல்லையென்றால் கார்டு யார் கையிலும் இல்லை. அப்போதுதான் இரண்டாவது கேள்வி.

['டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' கட்டளையின் விடை.]

உங்கள் கெர்னலுக்கான மாட்யூல் இருக்கிறதா? மாட்யூல் குறிப்பிட்ட ஒரு கெர்னல் பதிப்புக்கென்றே கட்டப்படுவது. கெர்னல் மாறினால் மாட்யூலும் புதிதாக வேண்டும். பல கணினிகளில் அந்த வேலையை டிகேஎம்எஸ் என்ற கருவி தானாகவே செய்கிறது, ஆனால் அதற்குக் கெர்னலின் ஹெடர் கோப்புகள், அதாவது மாட்யூலைக் கட்ட உதவும் வரையறைக் கோப்புகள், தேவை. நேற்று வரை ஓடியது இன்று ஓடவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்: கெர்னல் புதுப்பிக்கப்பட்டது, ஹெடர் வரவில்லை, மாட்யூல் கட்டப்படவில்லை. ஆர்ச் லினக்ஸில் எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு) கெர்னல் வைத்திருந்தால் அதற்குரிய ஹெடர் தொகுப்பு தனி. ஃபெடோராவில் இதே வேலையை ஏகேமாட்ஸ் பின்னணியில் செய்கிறது. நிறுவியதும் உடனே மறுதொடக்கம் செய்யாதீர்கள், சில நிமிடங்கள் கொடுங்கள். 'மோட்இன்ஃபோ' கட்டளை பதிப்பு எண்ணைக் காட்டிய பிறகு செய்யுங்கள்.

ஹெடர் இருந்தும் கட்டுமானம் தோற்றால் 'மேக் லாக்' என்ற கோப்பைத் திறந்து முதல் பிழையைத் தேடுங்கள். கடைசி வரி எதையும் சொல்லாது, தோற்றது என்று மட்டும் சொல்லும். கெர்னல் மிகப் புதிதாகவும் டிரைவர் பழையதாகவும் இருந்தால், கிரப் மெனுவில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து அன்றைய வேலையை முடியுங்கள். பொருந்தும் டிரைவர் வந்ததும் திரும்பலாம்.

[நீல நிறத் திரை. நடுவில் ஒரு மெனு.]

இனி அந்தப் பூட்டு. மாட்யூல் கட்டப்பட்டிருக்கிறது, அதை ஏற்றும் 'மோட்ப்ரோப்' கட்டளையைக் கொடுத்தால் 'கீ வாஸ் ரிஜெக்டட்' என்ற மறுப்பு வருகிறது. இது 'செக்யூர் பூட்' (Secure Boot) என்ற மதர்போர்டு பாதுகாப்பின் வேலை. நம்பிக்கையான கையொப்பம் இல்லாத மாட்யூலைக் கெர்னல் உள்ளே விடாது. உங்கள் கணினியிலேயே கட்டப்பட்ட மாட்யூலுக்கு உங்கள் கணினியின் சாவியால்தான் கையொப்பம் இட முடியும். அந்தச் சாவியை நம்பலாம் என்று நீங்கள் நேரில் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் உபுண்டு நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கிறது, அடுத்த தொடக்கத்தில் இந்த நீலத் திரை வருகிறது. அது 10 விநாடிதான் காத்திருக்கும். எந்த விசையும் அழுத்தாவிட்டால் கணினி பாட்டுக்குத் தொடங்கிவிடும், சாவி சேராது. என் மூன்று முயற்சிகளிலும் நடந்தது இதுவே. நீலத் திரையை ஏதோ பிழை என்று நினைத்துக் கடந்துவிட்டேன்.

நீங்கள் 'என்ரோல் மோக்' (சாவியைச் சேர்) என்பதைத் தேர்ந்தெடுத்து அந்தக் கடவுச்சொல்லைத் தட்டுங்கள். தவறவிட்டவர்கள் 'மோக்யுடில்' கட்டளையில் சாவியை மறுபடி சேர்க்கக் கோரலாம். இன்னொன்று: அந்தத் திரையில் விசைப்பலகை அமெரிக்க அமைப்பில் இருக்கும், ஆகவே கடவுச்சொல்லில் சிறப்புக் குறிகள் வேண்டாம். 'செக்யூர் பூட்' வசதியையே அணைத்துவிடலாமே என்பார்கள். அணைத்தால் ஓடும்தான். ஆனால் இரண்டு நிமிட வேலைக்குப் பயந்து ஒரு பாதுகாப்பை விடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

[கார்டு தலைமுறைகளின் வரிசை.]

கார்டின் வயதையும் பாருங்கள். என்விடியாவின் பழைய தலைமுறைகளில் கெப்ளர் கார்டுகளுக்கு 470 டிரைவர் வரிசைதான் கடைசி, அதற்கும் முந்தைய ஃபெர்மிக்கு 390. மறுமுனையில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு என்விடியாவின் திறந்த மாட்யூல் மட்டுமே ஓடும். அந்த மாட்யூல் 2022-இல் வெளிவரத் தொடங்கியது. பழைய மூடிய வகையை நிறுவினால் கார்டையே காணோம் என்று சொல்லும், காரணம் கெர்னல் பதிவில் எழுதியிருக்கும்.

'ரன்' என்று முடியும் கோப்பை இணையதளத்திலிருந்து இறக்கி நிறுவியிருந்தால், முதலில் அதன் சொந்த நீக்கக் கட்டளையால் அகற்றுங்கள். தொகுப்பு மேலாளருக்குத் தெரியாமல் கோப்புகளைப் போட்டுவைக்கும் வழி அது. பிறகு விநியோகத்தின் களஞ்சியத்திலிருந்தே நிறுவுங்கள்.

[டெர்மினல். 'என்விடியா எஸ்எம்ஐ' அட்டவணை தோன்றுகிறது.]

இப்போது மறுதொடக்கம் செய்து இந்தக் கட்டளையைக் கொடுங்கள். கார்டின் பெயர், டிரைவர் பதிப்பு, வெப்பநிலை எல்லாம் கட்டத்துக்குள் வர வேண்டும். வரவில்லையென்றால் இந்தத் தொடக்கத்தின் பதிவை 'ஜர்னல்சிடிஎல்' மூலம் ஒரு கோப்பில் சேமியுங்கள். உதவி கேட்கும்போது 'ஓடவில்லை' என்று மட்டும் எழுதாமல் அந்தக் கோப்பையும், கெர்னல் பதிப்பையும், முதல் கேள்விக்குக் கிடைத்த விடையையும் சேர்த்து அனுப்புங்கள்.