போஸ்ட் போடுங்க, ஆனா முதல்ல நோட்டுல எழுதுங்க

(யாங்கூன்ல, கோயில் மண்டபத்துல நடக்குற தமிழ் வகுப்போட ஆண்டு விழாவுல பேசினது)

பெரியவங்களுக்கும் தாய்மார்களுக்கும் தம்பி தங்கச்சிங்களுக்கும் வணக்கம்.

நம்ம பிள்ளைங்க தினம் ஏதாவது எழுதிக்கிட்டுத்தான் இருக்காங்க. வீட்ல பொங்கல் வச்சாங்க, கோயில்ல தீமிதி நடந்துச்சு, பாட்டி தவறிட்டாங்க, எல்லாமே ரெண்டு நிமிஷத்துல போன்ல ஏறிருது. அத நான் தப்புன்னு சொல்லமாட்டேன், மோல்மேன் பக்கம் கிராமத்துல இருக்குற சித்தப்பாவுக்கு சேதி போகணும்னா வேற என்ன வழி இருக்கு. ஆனா என்ன எழுத்துல எழுதுறாங்கன்னு பாருங்க. பாதி பேர் பர்மிய எழுத்துல, பாதி பேர் இங்கிலீஷ் எழுத்துல தமிழ். தமிழ்லயே போடுற சில பேருக்கும் இங்கிலீஷ்ல தட்டினா போனே நாலஞ்சு சொல்ல எடுத்துக் காட்டுது, அதுல ஒண்ணத் தொட்டுட்டு போயிடறாங்க. பேனாவக் கையில குடுத்து பள்ளிக்கூடம்னு எழுதச் சொன்னா எந்த ள போடறதுன்னு கை அப்படியே நிக்குது.

இங்க ஸ்கூல்ல முதல் முதல்ல போடச் சொல்றது வலோன்ங்கற பர்மிய எழுத்து, வெறும் வட்டம், பக்கம் பக்கமா வட்டம். அதுல பழகின கை நம்ம வகுப்புக்கு வந்து க போட்டா மூலையெல்லாம் உருண்டு போயிருது. ட வளைஞ்சிருது. ழ வந்தா கீழ இறங்குற சுழி எந்தப் பக்கம் திரும்பணும்னு தெரியாம பிள்ளை அழிச்சு அழிச்சு தாளே ஓட்டையாயிரும். விடாம போட வைங்க. ஒரு நாள் சரியா வந்துரும், அப்புறம் அந்த எழுத்த எங்க பாத்தாலும் பிள்ளை அடையாளம் கண்டுக்கும், ஏன்னா அது கைக்குள்ள போயாச்சு.

நார்வேல 36 மாணவர்களுக்கு தலையில 256 சென்சார் மாட்டிப் பாத்து 2024-ல ஒரு ஆய்வு போட்டாங்க. கையால எழுதறப்போ மூளையோட பல பகுதிங்க ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து வேலை செய்யுது, கீபோர்டுல தட்டறப்போ அந்த அளவுக்கு இல்ல. அவங்க எழுதினது டிஜிட்டல் பேனாவால ஸ்க்ரீன் மேலதான், அதனால டேப்லெட் இருக்கிற வீட்டுக்காரங்க அதுலயே எழுத வைக்கலாம், விரல் எழுத்தோட வடிவத்த வரையணும், அது போதும்.

1964-ல கடைகள அரசாங்கம் எடுத்துக்கிட்டதுக்கு அப்புறம் கப்பல்ல மெட்ராஸுக்குப் போன சொந்தக்காரங்க போட்ட கடுதாசி நம்ம பல பேர் வீட்டு ட்ரங்குப் பெட்டியில இன்னும் கிடக்கு. நீலக் கலர் தாள், இடம் பத்தாம ஓரத்துல திருப்பி எழுதி, மடிப்பு மேலயும் எழுதியிருப்பாங்க. 1978-ல தமிழ்நாட்டுல எழுத்துச் சீர்திருத்தம் வர்றதுக்கு முன்னாடி எழுதினதுல தும்பிக்கை மாதிரி சுழிச்ச பழைய லை, னை இருக்கும், இன்னைக்கு போன் கீபோர்டுல அதுக்கு பட்டனே கிடையாது. நான் பாத்த ஒண்ணுல "எல்லாரும் சௌக்கியம்"னு எழுதி, சௌக்கியத்த அடிச்சிட்டு "இருக்கிறோம்"னு மாத்தியிருந்துச்சு. அடிச்ச சொல்லும் தெரியுது, அந்தக் குடும்பம் அங்க போய்ப் பட்ட பாடு அந்த ஒரு கோட்டுலயே இருக்கு. போன்ல அழிச்சிருந்தா அது யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?

நாம எழுதி வைக்காத ஜனமும் இல்ல. பழைய பர்மிய ராஜாக்களோட தலைநகரான பகான்ல கிடைச்ச 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, மேல வடமொழி சுலோகம், கீழ தமிழ். மலைமண்டலத்து, அதாவது இன்னைக்குக் கேரளாவுல இருக்கிற, மகோதயர்பட்டினத்துல இருந்து வந்த ஒருத்தர் அங்க இருந்த நானாதேசி விண்ணகர்ங்கற பெருமாள் கோயிலுக்கு மண்டபம் கட்டி, கதவு போட்டு, ஒரு விளக்கும் வச்சாராம். ஒரு விளக்குக்குக் கூட எழுத்து இருக்கு! நாம என்ன பண்றோம், தாத்தா திதியக் கூட போஸ்ட்ல மட்டும் போட்டு வைக்கிறோம். 2021 பிப்ரவரியில நம்ம நாட்டுல பேஸ்புக் அடைபட்டுச்சே, அப்போ அதுல மட்டும் வச்சிருந்தவங்க தவிச்சத நீங்களே பாத்தீங்க.

அதனால இந்த மாசத்துல இருந்து வகுப்புல ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பெரியவங்களுக்குக் கையால கடுதாசி எழுதணும். அடித்தல் திருத்தல் இருக்கட்டும், அதப் போட்டோ புடிச்சு போன்ல தாராளமா போடுங்க, ஆனா தாளக் கொண்டுபோய் அந்தப் பெரியவங்க கையிலயே குடுத்துருங்க. நோட்டும் பேனாவும் வாசல் பக்கம் மேசையில வச்சிருக்கோம், போறப்போ எடுத்துக்கோங்க, பெரியவங்களுக்கும் சேர்த்துத்தான் வாங்கியிருக்கோம்.